பறவை நூலார் பியேர் சோனெரா

புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூர், பாகூர் என்னும் கொம்யூன்களில் ஏரிகளும் கழிகளும் வயல்களும் நிறைந்திருத்தலால், மாரிக்காலந்தோறும் பற்பல திசைகளினின்றும் பறவைகள் வந்து தங்குகின்றன. வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி 2008ஆம் ஆண்டிற் புதுவை அரசினரால் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. பாகூர்ப் பேரேரிக் கரையிலும், மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் முதலிய கடலோர ஊர்களின் மணற்பரப்பிலும் விடியற்காலையில் தொலைநோக்கியும் நிழற்படக் கருவியும் ஏந்திய அன்பர் சிலரைக் காணலாம். அவர்கள் நாரையையும் உள்ளானையும் ஆலாவையும் கண்டு படம் பிடித்து, நாளும் இடமும் குறித்துக்கொள்கின்றனர். பின்னர் நூலை விரித்து அவ்வப் பறவையின் இலத்தீன் பெயரையும் எழுதிவைக்கின்றனர். அப்பெயர்களுட் சில, இரண்டு நூற்றாண்டுகட்கு முன்னர் இந்நாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஒருவருடைய கண்ணினாலும் கையினாலும் உண்டானவை என்பதைப் பலர் அறியார். பியேர் சோனெரா என்பது அவர் பெயர். அவரது வாழ்வு பெருமையும் குற்றமும் ஒருங்கே கலந்தது. அவ்விரண்டும் கற்பார்க்குப் பயன்படுவனவாதலின், அவ்வாழ்வினைச் சுருக்கமாக ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

சோனெரா 1748ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ஆம் நாள், பட்டு நெசவிற்குப் பேர்போன லியோன் நகரத்திற் பிறந்தார். அவருக்கு உறவினராகிய பியேர் புவாவ்ர் என்பவர் அக்காலத்திற் புகழ்பெற்று விளங்கிய ஒரு பெரியார். அவர் இளமையில் வேதப் போதகராகும் விருப்பத்தோடு சீனம் முதலிய கீழ்நாடுகளுக்குச் சென்றவர். 1745இல் ஆங்கிலேயரோடு நிகழ்ந்த கடற்போர் ஒன்றில் வலக்கையை இழந்தவர். அதன்பின் தாவர நூலில் ஈடுபட்டு, 1767இல் மொரீசியசுத் தீவிற்குப் பிரெஞ்சு அரசாங்கத்தின் தலைமை அதிகாரிகளுள் ஒருவராக வந்து சேர்ந்தார். அத்தீவு அந்நாளிற் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1768இல், இருபது வயதினராகிய சோனெரா அவரிடம் எழுத்தராக அமர்ந்தார். கல்லூரிப் படிப்பினும் கப்பற்றுறையும் காடுமே அவருக்குப் பெரும் பள்ளியாயின.

அவ்வாண்டிலேயே, பூகேன்வீல் என்னும் மாலுமியோடு உலகைச் சுற்றிவந்த பிலிபேர் கொம்மேர்சோன் என்ற இயற்கை நூற் புலவர் மொரீசியசில் இறங்கித் தங்கினார். அவருக்குத் துணையாகப் படம் எழுதும் பணி சோனெராவுக்கு வாய்த்தது. அப்பணியின் அருமையை இக்காலத்தார் எளிதில் உணரார். நிழற்படக் கலை உலகிற்கு வெளியிடப்பெற்றது 1839ஆம் ஆண்டில். சோனெராவின் நாளில் அது கனவிலும் இல்லை. ஒரு பறவையை அறிய வேண்டின் அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்து, பூச்சி அரியாமல் மருந்திட்டுப் பஞ்சு அடைத்துக் கப்பலேற்றல் வேண்டும். இறகின் நிறம் ஒருவாறு நிலைத்து நிற்கும்; கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறமோ உயிர் நீங்கிய சிறிது நேரத்திலேயே மங்கத் தொடங்கும். ஆதலால் உடனே அமர்ந்து வண்ணத்தோடு எழுதிக்கொள்ளுதல் இன்றியமையாததாயிற்று. எந்த ஊரில், எந்த நாளில் அது கிடைத்தது என்பதை எழுதி அத்தோலோடு கட்டி வைத்தல் அதனினும் இன்றியமையாதது. ஏனெனில் தோல் தன் ஊரைச் சொல்லாது. கொண்டுவந்தவர் சொல்லே அதற்குச் சான்று.

அக்காலத்திற் சாதிக்காயும் கிராம்பும் மொலுக்கத் தீவுகளிலேயே விளைந்தன. அத்தீவுகளை ஆண்ட ஒல்லாந்தர் ஒரு கன்றும் வெளியே போகாதவாறு காவல் செய்து பெரும்பொருள் ஈட்டினர். அக்கன்றுகளை எவ்வாறேனும் மொரீசியசிற் பயிராக்க வேண்டுமென்பது புவாவ்ருடைய நெடுநாள் வேட்கை. அதன்பொருட்டு 1771இற் புறப்பட்ட கப்பல்களில் சோனெராவும் சென்றார். பிலிப்பீன் தீவுகளிற் பல மாதம் தங்கி, அங்குள்ள பறவைகளையும் செடிகளையும் ஆராய்ந்தார். பின்னர் அலுமகீராத் தீவின் கிழக்கேயுள்ள கேபே என்னும் சிறு தீவு வரையிற் சென்று, கன்றுகளைப் பெற்று, 1772இல் மொரீசியசுக்கு மீண்டார். கேபேயிலிருந்து நியூகினி நெடுந்தூரமன்று. எனினும் அந்நிலத்தில் அவர் கால் வைத்திலர்.

இவ்வாறாக, 1776இற் பாரிஸ் நகரில் அவர் வெளியிட்ட முதல் நூலுக்கு அவர் இட்ட பெயரோ நியூகினி யாத்திரை என்பது. அந்நூலின் முகப்பில், சோனெரா காட்டிடையே அமர்ந்து பறவையொன்றைப் படம் எழுதுவது போலவும், அந்நாட்டு மக்கள் சூழ நிற்பது போலவும் சித்திரம் ஒன்று அமைந்திருந்தது. உள்ளே மூவகைப் பெங்குவின் பறவைகள் நியூகினிக்கு உரியனவாக எழுதப்பட்டிருந்தன. பெங்குவின் தென்கடற் குளிர்நாடுகளிற் பெரிதும் வாழும் பறவை. நியூகினியில் அஃது இல்லவே இல்லை. ஆஸ்திரேலியாவில் வாழ்வதும், மனிதர் சிரிப்பதுபோலக் கூவுவதுமாகிய பெரிய மீன்கொத்தி ஒன்றும் அவ்வாறே நியூகினிப் பறவையாகக் காட்டப்பட்டது. பிறர் தொலைவிலிருந்து கொண்டுவந்த பதனிட்ட உடல்களைக் கண்டே அவர் இவற்றை வரைந்தார் என்பது பிற்காலத்து ஆராய்ச்சியாளர் துணிபு. வரைந்த உருவம் மெய். உரைத்த ஊர் பொய்.

இப்பொய்யின் பயன் எவ்வளவு நீண்டது என்பது கருதத்தக்கது. சோனெரா தம் நூல்களிற் பறவைகட்குப் பிரெஞ்சுப் பெயர்களையே இட்டார். லின்னேயசு வகுத்த முறைப்படி இரு சொற்களாலாகிய இலத்தீன் பெயர் இடும் வேலையை, ஐரோப்பாவில் மேசைமுன் அமர்ந்த புலவர்கள் அவர் நூலைப் படித்தே செய்தனர். அவர்கள் பறவையையும் கண்டிலர், ஊரையும் கண்டிலர், சோனெராவை நம்பினர். 1781இல் பார்ஸ்டர் என்பார் பெங்குவின் ஒன்றிற்குப் பப்புவா என்னும் சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டார். 1783இல் ஹெர்மன் என்பார் அச்சிரிக்கும் மீன்கொத்திக்கு நியூகினி என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்தார். முறைப்படி முதலில் இடப்பட்ட பெயர், பொருள் பொருந்தாமை ஒன்றுபற்றியே மாற்றப்படலாகாது என்பது உயிர்நூலார் விதி. ஆதலின் அவ்விரு பெயர்களும் இன்றளவும் அவ்வாறே வழங்குகின்றன. பப்புவாவைக் கண்டிராத பெங்குவினும், நியூகினியைக் கண்டிராத மீன்கொத்தியும், ஓர் இளைஞருடைய பொய்யைச் சுமந்து திரிகின்றன.

ஆயினும் அந்நூல் முழுவதும் பொய்யென்று தள்ளுதல் நீதியன்று. பிலிப்பீன் தீவிலே லூசோனிற் கண்ட ஒரு நீர்ப்பறவையை அவர் அதில் வருணித்திருக்கின்றார். அதன் இறக்கை மடிப்பிலே கூரிய முள் ஒன்று உண்டு. அதுபற்றிப் பிரெஞ்சுக்காரர் அவ்வினத்தை இரணவைத்தியன் என்று அழைத்தனர். பாவியா நகரத்துப் பேராசிரியராகிய ஸ்கோபோலி 1786இல் அச்சொல்லையே இலத்தீனில் மொழிபெயர்த்து அதற்குப் பெயராக்கினார். அப்பறவை நம் நாட்டில் நீளவால் இலைக்கோழி எனப்படுவது. நீண்ட விரல்களைப் பரப்பி, ஆம்பலிலைமேல் அமிழாது நடந்து செல்லும் அதனை ஊசுட்டேரியிலும் காணலாம். ஒரே ஆசிரியர், ஒரே நூல். கண்டு எழுதியது ஒருபுறமும் காணாது எழுதியது மறுபுறமும் நிற்கின்றன.

இதற்கிடையே 1774ஆம் ஆண்டில், கடற்படைத் துறையில் உத்தியோகமும், இயற்கைப் பொருள்களைத் திரட்டுமாறு அரசரது ஆணையும் பெற்றுச் சோனெரா மீண்டும் கீழ்நாடு நோக்கிப் புறப்பட்டிருந்தார். 1781 வரை நீடித்த அந்த யாத்திரையில் இலங்கை, மலையாளக் கரை, மாகி, மேற்குத்தொடர்ச்சி மலை, சூரத்து, சோழமண்டலக் கரை, மலாக்கா, சீனத்துக் காந்தோன், மடகாஸ்கர் முதலிய இடங்களைக் கண்டார். புதுச்சேரி அப்போது பெருந்துன்பத்தினின்றும் எழுந்துகொண்டிருந்தது. 1761இல் ஆங்கிலேயர் அந்நகரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல் அது பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தரப்பட்டது. 1778இல் முற்றுகையால் மறுபடியும் வீழ்ந்தது. போர்களுக்கிடையே கிடைத்த அமைதிக்காலத்திலேதான் சோனெரா இந்நாட்டை நடந்து கண்டார்.

அதன் விளைவாக 1782இற் பாரிஸில் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது அவரது கீழிந்திய சீன யாத்திரை நூல். 140 செப்புத்தகட்டுச் சித்திரங்கள் அதனை அணிசெய்கின்றன. முதற்றொகுதியில் இந்நாட்டு மக்களின் சாதி, சமயம், கோயில், திருவிழா, கைத்தொழில் முதலியன விரிவாகக் கூறப்படுகின்றன. இந்தியா தன் சிறப்புக் காலத்தில் ஏனை நாடுகட்கெல்லாம் சமயமும் சட்டமும் வழங்கியதென்றும், எகிப்தும் கிரேக்கமும் தம் அறிவிற்கு அதற்குக் கடன்பட்டனவென்றும் அவர் கருதினார். அக்கருத்து மிகையே எனினும், வணிகம் ஒன்றையே நாடி வந்தோர் பலருக்கிடையில் இந்நாட்டாரை மதித்து நோக்கிய உள்ளத்தை அது காட்டுகின்றது. இரண்டாந்தொகுதி உயிர்நூலுக்குப் பெரும் பொக்கிஷமாகும். லிச்சிப் பழமரத்தை நூன்முறைப்படி முதலில் வருணித்தவர் அவரே. அதனால் அம்மரத்தின் இலத்தீன் பெயரோடு அவர் பெயரின் சுருக்கம் இன்றும் எழுதப்படுகின்றது. மடகாஸ்கரின் அய்-அய், இந்திரி என்னும் விலங்குகளையும் ஐரோப்பியர்க்கு அவரே அறிவித்தார். கடற்கழிச் சேற்றில் வளரும் அலையாத்தி மரவகை ஒன்றிற்கு லின்னேயசின் மகனார் சோனெராவின் பெயரையே இட்டுச் சொன்னெராத்தியா என வழங்கினார்.

அந்நூலிற் பிறிதொரு செய்தியும் குறிக்கற்பாலது. எசுர்வேதம் என்ற பெயரால் ஒரு பிரெஞ்சுச் சுவடி அந்நாளில் ஐரோப்பாவிற் பெருமதிப்புப் பெற்றிருந்தது. பேரறிஞராகிய வோல்தேர் அதனை 1760இற் பெற்று, மிகப் பழமையான இந்திய நூலென நம்பி, அரசரது நூல்நிலையத்திற்கு அளித்தார். 1778இல் அஃது அச்சும் ஏறியது. சோனெராவோ இந்நாட்டில் உசாவி அறிந்து, அது நான்கு வேதங்களுள் ஒன்றன்றென்றும், மசூலிப்பட்டணத்தில் இருந்த கிறிஸ்து மார்க்கப் போதகர் ஒருவர் சமய வாதத்தின்பொருட்டு இயற்றியதென்றும் 1782இலேயே எழுதினார். பிற்காலத்தில், தமிழன்பராகிய எல்லிஸ் துரையவர்கள் புதுச்சேரியிலிருந்த சுவடிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1822இல் வெளிவந்து, அது பழைய வேதம் அன்றென்பதை நிலைநாட்டியது. வோல்தேருடைய கல்விப் பெருமை சோனெராவுக்கு இல்லை. ஆனால் அவர் இந்நாட்டிலே இருந்து கேட்டறிந்தார். போகாத நாட்டைக் கண்டதாக எழுதிய அவரே, வந்திருந்த நாட்டைப்பற்றி வழங்கிய தவற்றைத் திருத்தினார் என்பது வியப்பிற்குரியது.

இனிப் பறவைகளுக்கு வருவோம். கரிய கொண்டையும் மங்கிய செம்மை நிற மார்பும் உடைய ஒரு சிறு நாகணவாய் கோயிற் கோபுரங்களிற் கூட்டமாக அமர்ந்திருப்பதை நாம் காண்கின்றோம். சோனெரா அதனை நூலில் வருணித்துப் பிராமண நாகணவாய் என்னும் பொருளில் பெயரிட்டார். ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரிலிருந்த மெலின் என்பார் 1789இல் அதனைப் படித்து, கோயில்கட்கு உரியது என்னும் பொருள்பட இலத்தீன் பெயர் அமைத்தார். பெங்குவினுக்கு வந்த பெயர்போல் இது பொய்த்துப்போகவில்லை. திருக்காமீசுவரர் கோயில் கொண்ட வில்லியனூரிலும், மூலநாதர் கோயில் கொண்ட பாகூரிலும் நிமிர்ந்து நோக்குவார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

மேற்குத்தொடர்ச்சி மலையிலே சோனெரா கண்ட காட்டுக்கோழியின் வரலாறு அதனினும் சுவையுடையது. சாம்பல் நிற உடலும், மெழுகுத்துளிபோல் மின்னும் கழுத்திறகுகளும் உடைய அதனை விரிவாக எழுதி, நம் வீட்டுக்கோழிகளுக்கு மூதாதை அதுவே என்று அவர் கருதினார். பின்வந்த அறிஞர்கள் சிவப்புக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூலம் என்று நிறுவினமையின் சோனெராவின் கருத்துக் கைவிடப்பட்டது. ஆனால் 2008இல் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர், வீட்டுக்கோழிகளின் கால்களில் மஞ்சள் நிறத்தை உண்டாக்கும் மரபணு, சாம்பற் காட்டுக்கோழியின் வழியாகவே வந்திருத்தல் வேண்டுமெனக் கண்டனர். முழுமையும் சரியன்றெனினும், கண்டு எழுதியவர் கருத்தில் ஒரு பகுதி இரண்டு நூற்றாண்டுகட்குப் பின்னர் மெய்யாயிற்று. இப்பறவைக்கு ஒல்லாந்து நாட்டுத் தெமிங்க் என்பார் 1813இல் சோனெராவின் பெயரையே இட்டார்.

புதுச்சேரிக் கரையின் பெயரைப் பறவை நூலில் நிறுத்தியவர் சோனெரா ஒருவரே அல்லர். அவருக்கு முன்னரே, 1760இல் பிரிசோன் என்னும் பாரிஸ் புலவர் நம் செம்பருந்தினைப் புதுச்சேரிக் கழுகு என்று எழுதினார். அலகிரண்டும் நடுவிற் பொருந்தாது இடைவெளி விட்டு நிற்க, நத்தையைக் கவ்வி உண்ணும் நத்தைகுத்தி நாரையும் புதுச்சேரியிலிருந்து சென்ற உடலைக் கொண்டே 1780இல் பூபோன் என்பவரால் ஐரோப்பியர்க்கு அறிவிக்கப்பட்டது. ஏரிகளில் மிதக்கும் குள்ளத்தாராவோ சோழமண்டலத்தின் பெயரையே தாங்குகின்றது. இவையெல்லாம் இன்றும் இவ்வூர்ப் புறங்களிற் காணக்கூடியவை. இன்ன இடத்ததென்று அனுப்பியவர் உண்மையாகக் குறித்தமையால், அக்குறிப்பு இருநூற்றைம்பது ஆண்டு கடந்தும் பயன்படுகின்றது.

நிற்க. 1783ஆம் ஆண்டு வெர்சேல் உடன்படிக்கையால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரை மீண்டும் அடைந்தது. அதற்கு உரிய நிலப்பகுதிகளாக வில்லியனூரும் பாகூரும் அவ்வுடன்படிக்கையிற் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டன. சில ஆண்டுகட்குப் பின் சோனெரா அரசாங்க ஊழியராகப் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தார். கோதாவரிக் கழிமுகத்து ஏனாமிற் சிறிதுகாலம் தலைவராகவும் இருந்தார். 1789இல் பிரான்சிற் புரட்சி தோன்றியது. அவரை அனுப்பிய மன்னர் முடியிழந்து உயிருமிழந்தார். 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். அந்நகரம் பிரெஞ்சுக்காரருக்கு மீண்டது 1816இலேயாகும். இடைப்பட்ட நெடுங்காலம் சோனெரா பகையரசின் ஆட்சியில், தாயகத்தினின்றும் பிரிந்தவராய் வாழ்ந்தார். முன்பு ஏழாண்டில் பாதி உலகைச் சுற்றியவர், இப்போது ஒரு கரையிலேயே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தார்.

அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. தென்னாட்டு ஊர்கள், மக்கள் வாழ்க்கை, சமயம், தொழில் முதலியவற்றைப்பற்றிப் புதிய யாத்திரை என்ற பெயரால் பெரியதொரு நூலை எழுதிவந்தார். 1813இல் ஐரோப்பா திரும்பி, அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள் பாரிஸ் நகரிலே, தமது அறுபத்தைந்தாம் வயதில் உயிர்நீத்தார். நெப்போலியனுடைய பகைவர் படைகள் அந்நகருக்குட் புகுந்ததும் அந்நாளே. அவர் எழுதிய நூல் அச்சேறவில்லை. 1776இன் நூல் அவர் இருபத்தெட்டு வயது எய்துமுன்னரோ எய்தியவுடனோ உலகறிய வெளிவந்தது. இந்நாட்டு மண்ணில் முதுமை வரையில் இருந்து எழுதிய நூலோ 2010ஆம் ஆண்டு வரையிற் கையெழுத்தாகவே கிடந்தது. அவ்வாண்டிற் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தாரும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுக் கல்விக்கழகத்தாரும் அதனைப் பதிப்பித்தனர். அவர் எழுதிய ஊர்ப் பெயராலேயே அது வெளிவந்தமை பொருத்தமுடையதே.

மாணாக்க நண்பர்காள், சோனெராவின் குற்றத்தைக் கூறியது அவரை இகழ்தற்கன்று. பத்துக் கற்பனைகளுள் பொய்ச்சாட்சியை விலக்குங் கற்பனை அயலானுக்கு எதிராகச் சொல்லும் சொல்லைக் குறித்தது. அறிவுத்துறையிலோ நம் அயலார் இனிப் பிறக்கப்போகும் மக்களும் ஆவர். இக்காலத்தில் நம் கையிலுள்ள நிழற்படக் கருவி, கொல்லாமலே பறவையின் உருவத்தைக் கொண்டுவந்து தருகின்றது; சோனெரா பல நாள் உழைத்துச் செய்ததை ஒரு நொடியிற் செய்கின்றது. எனினும் ஒரு வகையில் நாமும் அவரும் ஒத்த நிலையினரே. படம் பறவையைக் காட்டும். அஃது எடுக்கப்பட்ட ஊரையும் நாளையும் நாமே சொல்லுதல் வேண்டும். வேறோர் ஏரியில் எடுத்த படத்தை நம் ஏரியினதாகச் சொல்வதும், பிறர் கண்டதை நாம் கண்டதாகச் சொல்வதும் இன்று மிக எளிது. இந்த ஏரியில் இவ்வளவு பறவைகள் இருந்தன, இப்போது இவ்வளவே உள்ளன என்று கணக்கிட்டு நீர்நிலைகளைக் காக்க முயல்வோர், அத்தகைய குறிப்புகளையே நம்பி நிற்கின்றனர். குறிப்புப் பொய்ப்பின் காவலும் பொய்க்கும்.

ஆதலின், அருமையான பறவை ஒன்றைக் கண்டதாகச் சொல்லிப் புகழ் பெறுவதினும், ஊர்க்குருவி ஒன்றைக் கண்ட இடத்தையும் நாளையும் பிழையின்றிக் குறித்து வைத்தல் மேலான தொண்டாகும். சோனெராவின் பெயரை நிலைநிறுத்துவது நியூகினிச் சித்திரம் அன்று. மலைக்காட்டுக் கோழியும் கோபுரத்து நாகணவாயுமே. அவ்விரண்டையும் அவர் தம் கண்ணாற் கண்டிருந்தார்.